வன்னியிலிருந்து அவுஸ்திரேலியாவில் பதிவுபெற்ற மருந்தாளராவது வரை: முழுமையான வழிகாட்டி

உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் தோற்றிவிட்டு, பாமசி படிப்பதற்காக அவுஸ்திரேலியா செல்ல எண்ணும் வன்னி மாணவருக்கும், அவருக்காகக் காசு புரட்டும் குடும்பத்துக்கும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. அந்த வழியால் சென்று பதிவு பெற்ற பின்னர், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா பக்கங்களிலிருந்து வரும் பிள்ளைகளின் ஆவணங்களையும் விண்ணப்பங்களையும் பார்த்துக் கொடுத்து வருகிறேன். அவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் படிப்பில் அல்ல, எதை எப்போது செய்வது என்ற வரிசையில்தான்.

இந்தப் பயணத்தில் மூன்று தனித்தனி அதிகாரங்கள் இருக்கின்றன. பல்கலைக்கழகம் பட்டம் தருகிறது, அவுஸ்திரேலிய உள்துறைத் திணைக்களம் விசா தருகிறது, அவுஸ்திரேலியப் பாமசிச் சபை பதிவு தருகிறது. ஒன்று ஏற்றுக்கொண்ட சான்றிதழை மற்றது ஏற்றுத்தான் ஆகவேண்டும் என்ற கடப்பாடு எதுவும் இல்லை. ஆகவே, எந்த முடிவை எடுக்கும்போதும் கடைசியில் நிற்கும் பாமசிச் சபை என்ன கேட்கும் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

1. கடைசிப் படியிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள்

ஒரு முழுத்தாளை எடுத்து, மேலே "பொதுப்பதிவு" என்று எழுதுங்கள் (மேற்பார்வையின்றி மருந்தாளராக வேலை செய்ய உரிமை தரும் பதிவு அதுதான்). அதற்குக் கீழே அதற்கு முன் முடிந்திருக்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாக இறக்குங்கள்: வாய்மொழித் தேர்வு, எழுத்துத் தேர்வு, பயிற்சி மருந்தாளர் பாடத்திட்டம், மேற்பார்வையின் கீழ் 1575 மணித்தியால வேலை, தற்காலிகப் பதிவு (பயிற்சிக் காலத்துக்கான பதிவு), அங்கீகரிக்கப்பட்ட பட்டம், மாணவர் விசா, பணச்சான்று, ஆங்கிலத் தேர்வு, கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ்.

பதிவு தொடர்பான விண்ணப்பங்களையெல்லாம் கையாளுவது ஆப்ரா என்ற நிறுவனம். நியமங்களை வகுப்பது பாமசிச் சபை. பாடநெறிகளைத் தரமறிந்து அங்கீகரிப்பதும், பயிற்சி மருந்தாளருக்கான எழுத்துத் தேர்வை நடத்துவதும் அவுஸ்திரேலியப் பாமசிப் பேரவை. சபையும் பேரவையும் வேறு வேறு. ஒன்றுக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை மற்றதற்கு அனுப்பிவிட்டுப் பதில் வரும் வரும் என்று காத்திருப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

2. பாடநெறியைத் தெரிவுசெய்தல்

ஆப்ராவின் இணையத்தளத்தில் "அங்கீகரிக்கப்பட்ட பாடநெறிகள்" என்ற பட்டியல் உண்டு. நீங்கள் விண்ணப்பிக்கப் போகும் பட்டத்தின் முழுப்பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இருப்பது போதாது, பட்டத்தின் பெயரும் இருக்க வேண்டும். ஏனெனில், ஒரே பல்கலைக்கழகத்திலேயே பாமசிப் பட்டமும் இருக்கும், மருந்தாக்க விஞ்ஞானப் பட்டமும் இருக்கும். முதலாவது பதிவுக்கு இட்டுச் செல்லும். இரண்டாவது ஆய்வுகூடத்துக்கும் மருந்து உற்பத்திக்கும் ஏற்ற நல்ல படிப்புத்தான், ஆனால் அதைக் கொண்டு மருந்தாளராகப் பதிய முடியாது. கட்டணம் சற்றுக் குறைவு, அனுமதி இலகு என்று சொல்லி அதையே பாமசி என்று விற்கும் முகவர்கள் இருக்கிறார்கள். பாமசி உதவியாளர் சான்றிதழ்ப் படிப்பும் அப்படியே. அதில் எத்தனை ஆண்டு கழித்தாலும் பதிவுக்கு ஒரு மணித்தியாலமும் சேராது.

உயர்தரம் முடித்தவருக்கு வழமையான பாதை நான்கு ஆண்டுப் பாமசி இளமாணிச் சிறப்புப் பட்டம். ஏற்கெனவே விஞ்ஞானப் பட்டம் ஒன்று வைத்திருப்பவருக்குச் சில பல்கலைக்கழகங்களில் முதுமாணிப் பாதை உண்டு. மொனாஷ் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாண்டையும் உள்ளடக்கிய ஐந்தாண்டுப் பாடநெறி இருக்கிறது. அத்தகைய பாடநெறியைத் தெரிவுசெய்பவர், வெளிநாட்டு மாணவருக்கு அந்த ஐந்தாம் ஆண்டின் பயிற்சியிடத்தை யார் தேடித்தருவது என்று எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நமது உயர்தரப் பெறுபேற்றில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் பார்ப்பது இரசாயனவியல், உயிரியல், பௌதிகவியல் ஆகியவற்றின் தரங்களையே, இசட் புள்ளியை அல்ல. உள்ளூர்ப் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்ற பிள்ளை, இரசாயனவியலில் நல்ல தரம் இருந்தால் மனம் தளரத் தேவையில்லை. ஆனால் சில இடங்களில் கணிதத்தை முன்நிபந்தனையாகக் கேட்கிறார்கள். உயிரியல் பிரிவில் படித்த நம் பிள்ளைகளிடம் இருப்பது சாதாரணதரக் கணிதம் மட்டுமே. அது போதுமா, இல்லையேல் இணைப்புப் பாடம் ஒன்று செய்ய வேண்டுமா என்பதை விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே கேட்டறியுங்கள்.

3. ஆவணங்கள்: ஒரே ஆள், ஒரே பெயர்

வன்னிக் குடும்பங்களுக்கு இதுவே மிகவும் நேரம் தின்னும் படி. அதனால் மற்றெல்லாவற்றுக்கும் முன்பாக இதைத் தொடங்க வேண்டும். இப்போது வெளிநாடு செல்லும் வயதில் இருப்பவர்களில் பலர் 2009க்குச் சற்று முந்திய ஆண்டுகளில் பிறந்தவர்கள். இடப்பெயர்வுக்குள் பிறந்து, பின்னர் முகாமிலோ மீள்குடியேறிய பிறகோ காலங்கடந்து பதியப்பட்டவர்கள் அவர்களுள் உண்டு. பிறப்புப் பதிவில் தந்தையின் பெயர் ஒருவிதமாகவும், தந்தையின் அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் இருப்பது சாதாரணம்.

முதலில் பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுங்கள். வீட்டில் இருக்கும், மடித்து மடித்துக் கிழிந்த, பழைய பிரதியை நம்பி மொழிபெயர்க்கக் கொடுக்க வேண்டாம். புதிய பிரதியில் பிழை இருந்தால், மொழிபெயர்ப்புக்கு முன்பே பதிவாளரிடம் திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். தமிழ் மூலத்தில் உள்ள பிழையைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் திருத்தித் தரமாட்டார், திருத்தவும் கூடாது.

அடுத்ததாக ஆங்கில எழுத்துக்கூட்டல். "தர்சன்" என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். உயர்தரப் பெறுபேற்றில் முதலெழுத்து "ரி" மட்டும், கடவுச்சீட்டில் "ரி"யோடு "எச்", ஆங்கிலத் தேர்வுப் பதிவில் நடுவில் "எஸ்" தனியாக, அடையாள அட்டையில் "எஸ்"ஸோடு "எச்". நமது கண்ணுக்கு இவை ஒரே பெயர். ஆப்ராவின் அடையாளச் சரிபார்ப்பில் இவை நான்கு வெவ்வேறு ஆட்கள். தந்தையின் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாகச் சுருங்கியும், இன்னோரிடத்தில் குடும்பப் பெயராக நீண்டும் வருவது இந்தச் சிக்கலைக் கூட்டும்.

ஆகவே வரிசை இதுதான்: பிறப்புச் சான்றிதழ், அதன்படி அடையாள அட்டை, அவ்விரண்டின்படி கடவுச்சீட்டு, கடவுச்சீட்டின்படி மற்ற எல்லாம். கடவுச்சீட்டுக்குக் கொழும்புவரை செல்ல வேண்டியதில்லை, வவுனியாவில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. பரீட்சைத் திணைக்களத்திடமிருந்து சாதாரணதர, உயர்தரப் பெறுபேறுகளை ஆங்கிலத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அதில் எழுத்துக்கூட்டல் வேறுபட்டால், இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கடதாசி விசாவுக்குப் போதுமானதாக இருந்தாலும், முடிந்தவரை மூல ஆவணத்தையே திருத்திக்கொள்வது நல்லது, ஏனெனில் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அங்கிருந்துகொண்டு திருத்துவதற்கு ஊரில் ஒருவர் கந்தோர் கந்தோராக அலைய நேரிடும்.

தந்தையோ தாயோ போரில் இறந்திருந்தால் மரணச் சான்றிதழும், காணாமற்போயிருந்தால் பதிவாளர் நாயகத் திணைக்களம் அதற்கென வழங்கும் சான்றிதழும் கையில் இருக்கட்டும். மாமாவோ சித்தியோ படிப்புச் செலவுக்குப் பொறுப்பேற்கும்போது, பெற்றோர் ஏன் பொறுப்பேற்கவில்லை என்ற கேள்விக்கு அதுவே விடை.

தடுப்பூசி அட்டையையும் மறக்க வேண்டாம். பல்கலைக்கழகம் மருத்துவமனைப் பயிற்சிக்கு அனுப்புவதற்கு முன் ஈரலழற்சி பி, தட்டம்மை, கொப்புளிப்பான் போன்றவற்றுக்கான சான்றைக் கேட்கும். அட்டை இடப்பெயர்வில் தொலைந்திருந்தால், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தியைக் காட்ட வேண்டும், அல்லது ஊசியை மீண்டும் போட வேண்டும். ஈரலழற்சி பி ஊசியின் மூன்று வேளைகளும் முடிய ஏறத்தாழ ஆறு மாதம் எடுக்கும் என்பதால், இதை ஊரிலேயே தொடங்கிவிடுவது புத்தி.

4. ஆங்கிலத் தேர்வு: மூன்று இடங்கள், மூன்று அளவுகள்

தமிழ்மொழி மூலம் படித்த மாணவருக்கு இந்தப் பகுதியை இரண்டு முறை வாசிக்குமாறு சொல்வேன். மாணவர் விசா ஓர் அளவைக் கேட்கும், பல்கலைக்கழகம் வழமையாக அதைவிடக் கூடிய ஓர் அளவைக் கேட்கும், பாமசிச் சபை எல்லாவற்றையும்விடக் கூடிய அளவைக் கேட்கும். பல்கலைக்கழகம் அனுமதி தந்துவிட்டது என்பதால் ஆங்கிலப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பதே நான் காணும் ஆகப்பெரிய தவறு.

2025 மார்ச் 18 முதல் நடைமுறையில் உள்ள பதிவு நியமத்தின்படி, ஐஈஎல்ரிஎஸ் அக்கடமிக் தேர்வில் மொத்தமாக 7, செவிமடுத்தல், வாசித்தல், பேசுதல் ஆகிய மூன்றிலும் தலா 7, எழுதுதலில் 6.5 வேண்டும். சுகாதாரத் துறையினருக்கான ஓஈரி தேர்வென்றால் அந்த மூன்றிலும் பி, எழுதுதலில் சி பிளஸ். வேறு சில தேர்வுகளும் ஏற்கப்படுகின்றன.

"அவுஸ்திரேலியாவில் நான்கு ஆண்டு ஆங்கிலத்தில்தானே படிக்கப் போகிறேன், பிறகு எதற்குத் தேர்வு?" என்று கேட்பார்கள். நியமத்தில் கல்வியின் அடிப்படையிலான விலக்குகள் உண்டுதான். ஆனால் அவை, அங்கீகரிக்கப்பட்ட ஆங்கிலமொழி நாடொன்றில் பாடசாலைக் கல்வியும் பெற்றவருக்கோ, அத்தகைய நாடுகளில் தொடர்ச்சியாக ஆறு ஆண்டு முழுநேரம் படித்தவருக்கோ உரியவை. இலங்கை அந்த நாடுகளின் பட்டியலில் இல்லை. கிளிநொச்சியில் உயர்தரமும் அங்கே நான்கு ஆண்டும் என்றால் கணக்கு நிரம்பாது. தேர்வு எழுதித்தான் ஆகவேண்டும்.

அடுத்த கேள்வி, எப்போது எழுதுவது என்பது. பதிவு விண்ணப்பத்துக்குப் பொதுவாக இரண்டு ஆண்டுக்கு உட்பட்ட பெறுபேறு தேவை. ஊரில் எழுதிய தேர்வு பட்டம் முடியும்போது பழையதாகியிருக்கும். தேர்வு எழுதிய சிறிது காலத்துக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாடநெறியைத் தொடங்கி, இடைவெளி விடாமல் படித்து முடித்தவருக்கு நியமத்தில் ஒரு சலுகை உண்டு. அதை நம்புபவர் நிபந்தனைகளைச் சொல்லுக்குச் சொல் வாசித்து, ஆப்ராவிடம் எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். ஒரு பருவம் விடுப்பு எடுத்தாலும் அச்சலுகை கைநழுவலாம்.

எனது பரிந்துரை வேறு. பட்டத்துக்குப் பிறகு எடுக்கப்போகும் தற்காலிகப் பட்டதாரி விசாவுக்கும் ஓர் ஆங்கிலப் பெறுபேறு வேண்டும். அதற்கு ஐஈஎல்ரிஎஸ் மொத்தம் 6.5 போதும், ஆனால் அது விண்ணப்பத் திகதிக்கு முந்திய ஓராண்டுக்குள் எழுதியதாக இருக்க வேண்டும். எனவே நான்காம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு தேர்வை, பாமசிச் சபையின் உயர்ந்த அளவை இலக்கு வைத்து எழுதினால், இரண்டுக்கும் அதுவே உதவும். முதல் தடவை தவறினாலும் மறுபடி எழுத மாதங்கள் மிஞ்சும்.

ஊரில் தயாராகும் காலத்தில் நம் பிள்ளைகள் பெரும்பாலும் எழுதுதலைப் பற்றியே பயப்படுகிறார்கள், உண்மையில் விழுத்துவது பேசுதலும் செவிமடுத்தலும்தான். இலக்கண வகுப்பு மட்டும் போதாது. ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவரோடு வாய் திறந்து ஆங்கிலத்தில் பேச வேண்டும்.

5. பணம்: காணி இருக்கிறது என்பது கணக்கில் வராது

வெளிநாட்டு மாணவருக்கான பாமசிக் கட்டணம் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபட்டாலும், ஆண்டுக்கு 40,000 அவுஸ்திரேலிய டொலரைச் சுற்றி நிற்கும், பெருநகரங்களில் அதைத் தாண்டும். ஒரு டொலர் 200 ரூபா என்று வைத்தால், நான்கு ஆண்டுக் கட்டணம் மட்டும் மூன்று கோடி ரூபாவைத் தாண்டும். இந்தத் தொகையைக் கேட்டுத் திகைக்கும் குடும்பம் இப்போதே திகைத்துக்கொள்வது நல்லது. முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் புரட்டிக்கொண்டு, மிச்சத்தைப் பிள்ளை வேலை செய்து கட்டும் என்று அனுப்பி வைப்பதே இரண்டாம் ஆண்டில் படிப்பு நிற்பதற்கான காரணம். பாடநெறி நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணித்தியாலம் மட்டுமே வேலை செய்யலாம். அதில் வரும் காசு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரி, கட்டணத்துக்குப் போதாது.

விசாவுக்குக் காட்ட வேண்டியவை முதலாண்டுக் கட்டணம், பயணச்செலவு, ஓராண்டு வாழ்க்கைச்செலவு. வாழ்க்கைச்செலவாக 2024 மே முதல் 29,710 டொலர் கணக்கிடப்படுகிறது. இதை வங்கி வைப்பாகவோ, நிதிநிறுவனக் கடனாகவோ, புலமைப்பரிசிலாகவோ காட்டலாம். காணியின் மதிப்பீட்டு அறிக்கையை அழகாகக் கட்டிக் கொண்டுவருகிறார்கள். காணி காசல்ல. அதை வைத்துக் கடன் எடுத்து, கடன் அனுமதிக் கடிதத்தைக் காட்டினால்தான் அது சான்று.

இங்கேதான் வன்னிக்கே உரிய தடை வருகிறது. முத்தையன்கட்டு, வவுனிக்குளம், இரணைமடுப் பக்கங்களில் பலரிடம் இருப்பது உறுதிக் காணி அல்ல, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி. நான்கு ஏக்கர் வயல் இருந்தாலும், அனுமதிப்பத்திரத்தைக் கொண்டு பெருந்தொகைக் கடன் எடுப்பது இலகுவல்ல. கையில் இருப்பது அனுமதிப்பத்திரமா, அளிப்பா, உறுதியா என்பதைப் பிரதேச செயலகக் காணிக்கிளையில் உறுதிப்படுத்திவிட்டு வங்கிக்குப் போங்கள்.

புலம்பெயர்ந்த உறவினர் பொறுப்பேற்பதாக இருந்தால், காசு வங்கி வழியாகவே வரவேண்டும். உண்டியலில் வந்த காசுக்குத் தடம் இல்லை. விண்ணப்பத்துக்குச் சில நாள் முன்பு கணக்கில் திடீரென விழுந்த பெருந்தொகை, எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை எழுப்பும். உறவினரின் வருமானச் சான்று, அவருக்கும் உங்களுக்குமான உறவை நிறுவும் பிறப்புச் சான்றிதழ்கள், பொறுப்பேற்கும் கடிதம் ஆகிய மூன்றும் சேர்ந்தே செல்ல வேண்டும். அங்கேதான் மூன்றாம் பகுதியில் சொன்ன பெயர்ச் சிக்கல் மீண்டும் தலைதூக்கும்: அம்மாவின் தம்பி என்று நிறுவ, இருவரின் சான்றிதழிலும் பாட்டனாரின் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும்.

6. அனுமதியும் மாணவர் விசாவும்

பல்கலைக்கழக அனுமதிக் கடிதம், அதை ஏற்று முற்பணமும் மருத்துவக் காப்புறுதியும் கட்டுதல், சேர்வு உறுதிப்பத்திரம், அதன் பின் விசா விண்ணப்பம் என்பது ஒழுங்கு. விசாக் கட்டணம் 2025 ஜூலை முதல் 2,000 டொலர். மறுக்கப்பட்டால் அது திரும்பி வராது. முற்பணம் கட்டுவதற்கு முன்பே, விசா மறுக்கப்பட்டால் அதில் எவ்வளவு திருப்பித் தரப்படும் என்ற பகுதியை வாசியுங்கள்.

விண்ணப்பத்தில் நீங்கள் உண்மையான மாணவர்தானா என்பதை அறியும் கேள்விகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 150 சொற்களுக்குள் விடை எழுத வேண்டும். முகவர் எழுதித்தரும் விடை ஊரெல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். உயர்தரத்தை இரண்டாம், மூன்றாம் தடவை எழுதியிருந்தால் அதை மறைக்காமல் ஆண்டோடு சொல்லுங்கள். இடைவெளியில் மருந்துக்கடையிலோ ஆசிரிய உதவியாளராகவோ வேலை செய்திருந்தால் அதற்குக் கடிதம் எடுங்கள். விளக்கப்பட்ட இடைவெளி ஒரு குறையல்ல.

முகவருக்குப் பல்கலைக்கழகம் தரகுக்காசு கொடுக்கிறது என்பதை நினைவில் வைத்திருங்கள். அவர் கெட்டவர் என்பதற்காகச் சொல்லவில்லை, அவர் காட்டும் பட்டியல் ஏன் அவ்வளவு குறுகியது என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் விண்ணப்பக் கணக்கின் கடவுச்சொல் உங்களிடமே இருக்கட்டும்.

7. படிக்கும் ஆண்டுகளில் செய்ய வேண்டியவை

பாடநெறி தொடங்கியதும் பல்கலைக்கழகமே உங்களை ஆப்ராவில் மாணவராகப் பதியும். நீங்கள் தனியாக விண்ணப்பிக்கத் தேவையில்லை, கட்டணமும் இல்லை. பாடநெறியின் கட்டாய அங்கமாகப் பதியப்பட்ட களப்பயிற்சி 48 மணித்தியால வரம்பில் சேராது, அதற்கு வெளியே செய்யும் வேலை சேரும்.

முதல் ஆண்டிலிருந்தே ஒரு பாமசியில் பகுதிநேர வேலை தேடுங்கள். சிறப்பங்காடியில் சற்றுக் கூடக் கிடைத்தாலும் பாமசியே நல்லது. அங்கே மருந்துகள் அட்டவணைப்படி பிரிக்கப்பட்டிருக்கின்றன: இரண்டாம் அட்டவணை பாமசியில் மட்டும் விற்பது, மூன்றாவது மருந்தாளர் நேரில் பேசிக் கொடுப்பது, நான்காவது வைத்தியரின் சிட்டைக்கு மட்டும், எட்டாவது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. ஊரில், "அண்ணை, தடிமனுக்கு ரெண்டு குளிசை தாங்கோ" என்று கேட்டால் தாளில் சுற்றிக் கொடுப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, இந்தப் பிரிவு புத்தகத்தில் ஏறிவிடும், கையில் ஏற நாளெடுக்கும். கோடீன் கலந்த வலிநிவாரணி 2018 பெப்ரவரி முதல் சிட்டையில்லாமல் கொடுக்கப்படுவதில்லை. அதைக் கேட்டு வரும் ஒருவருக்கு முகம் கோணாமல் மறுத்து, வேறு வழி சொல்லி அனுப்புவதை முகப்பில் நின்றுதான் பழகலாம்.

8. இறுதியாண்டு: ஒன்றோடொன்று பின்னிய மூன்று வேலைகள்

முதலாவது பயிற்சியிடம். பட்டம் முடிந்த பின் தேடுவோம் என்று இருந்தால் நல்ல இடங்கள் போய்விடும். அரச மருத்துவமனைகளின் இடங்களில் பெரும்பாலும் குடியுரிமையோ நிரந்தர வதிவோ உள்ளவருக்கு முன்னுரிமை கிடைக்கும். சமூகப் பாமசிகளில், குறிப்பாகச் சிறு நகரங்களில், வாய்ப்புக் கூட. சிட்னிக்கும் மெல்பேர்னுக்கும் வெளியே போகமாட்டேன் என்று அடம்பிடிப்பவர்கள் மாதக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். முல்லைத்தீவில் வளர்ந்தவர் சிறு ஊருக்குப் பயப்படுவது எனக்கு விளங்காத ஒன்று. பயிற்சி மருந்தாளருக்குச் சட்டப்படி சம்பளம் உண்டு. பயிற்சியிடம் தருவதற்குக் காசு கேட்பவர் தமிழராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

இரண்டாவது தற்காலிகப் பதிவு. இறுதிப் பெறுபேறு வரும்வரை காத்திராமல், ஆப்ரா அனுமதிக்கும் முதல் நாளிலேயே விண்ணப்பத்தைத் தொடங்கலாம். 18 வயதுக்குப் பின் இலங்கையில் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்தவர், ஆப்ரா ஏற்கும் நிறுவனமொன்றின் வழியாக வெளிநாட்டுக் குற்றப்பதிவுச் சோதனை செய்விக்க வேண்டும். உயர்தரம் எழுதிவிட்டு வந்த பெரும்பாலானோருக்கு இது பொருந்தும், எனினும் பலர் இதை விண்ணப்பப் படிவத்தில் வந்து நின்ற பிறகே அறிகிறார்கள். விசாவுக்காக எடுத்த பொலிஸ் சான்றிதழ் இதற்கு ஈடாகாது.

மூன்றாவது தற்காலிகப் பட்டதாரி விசா, அதாவது 485. பாடநெறி முடிந்து ஆறு மாதத்துக்குள், 35 வயதுக்கு மேற்படாதவராக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிப்பதற்கு முன்பே அவுஸ்திரேலியக் கூட்டாட்சிப் பொலிஸ் சான்றிதழுக்கு மனுச் செய்திருக்க வேண்டும், காப்புறுதியும் ஆங்கிலப் பெறுபேறும் கையில் இருக்க வேண்டும். இளமாணிப் பட்டத்துக்கு இரண்டு ஆண்டு கிடைக்கும். பயிற்சிக்கு ஓராண்டு போனால், தவறிய தேர்வை மீண்டும் எழுதவும் அடுத்த விசாவைத் தேடவும் மிச்சம் இருப்பது ஓராண்டே. ஊருக்குப் போய் ஆறுமாதம் இருந்துவிட்டு வரலாம் என்ற எண்ணத்தைப் பொதுப்பதிவுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

9. 1575 மணித்தியாலம்

முழுநேரமாக வேலை செய்தால் இது ஏறத்தாழ 42 வாரம். தற்காலிகப் பதிவு கிடைப்பதற்கு முன் செய்த வேலை, அதே பாமசியில் அதே மருந்தாளருக்குக் கீழே செய்ததாக இருந்தாலும், சேராது. பயிற்சியிடத்துக்கும் மேற்பார்வை மருந்தாளருக்கும் சபையின் ஒப்புதல் தேவை. இடையில் இடம் மாறினால் புதிய ஒப்புதல் கிடைத்த பின்பே மணித்தியாலம் மீண்டும் ஓடத் தொடங்கும் என்று எண்ணிச் செயற்படுங்கள். பழைய மேற்பார்வையாளரிடமிருந்து அதுவரையான மணித்தியாலங்களுக்குக் கையொப்பம் வாங்காமல் வெளியேற வேண்டாம். மனத்தாங்கலோடு பிரிந்த பிறகு அந்தக் கையொப்பத்தைக் கேட்டுப் போவது எவ்வளவு சங்கடம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதே காலத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மருந்தாளர் பாடத்திட்டமொன்றில் சேர வேண்டும். அவுஸ்திரேலிய மருந்தாக்கவியலாளர் சங்கம், பாமசிக் கில்ட் எனப்படும் பாமசி உரிமையாளர் சங்கம், சில பல்கலைக்கழகங்கள் ஆகியவை இதை நடத்துகின்றன. சேர்வதற்கு முடிவுத்திகதி உண்டு, பட்டம் முடிந்த களைப்பில் அதைத் தவறவிடுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். தற்காலிகப் பதிவை இரண்டு தடவைக்கு மேல் புதுப்பிக்க முடியாது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

10. எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும்

எழுத்துத் தேர்வு பாமசிப் பேரவைக்குரியது, பல்தெரிவு வினாக்கள் கொண்டது. நம்மவர் தடுமாறுவது கணக்கில். அவை கடினமான கணக்குகள் அல்ல. குழந்தையின் எடைக்கு ஏற்ற அளவு, கரைசலின் செறிவு, சொட்டுவீதம் போன்றவைதான். நேரத்துக்குள் அலகு மாற்றும்போது புள்ளி ஓரிடம் நகர்ந்துவிடும். பயிற்சிக் காலம் முழுவதும் ஒவ்வொரு நாளும் சில கணக்குகள் செய்பவருக்கு இது ஒரு பொருட்டாக இராது.

வாய்மொழித் தேர்வு சபைக்குரியது. மூன்று பகுதிகள்: முதல்நிலைச் சுகாதாரப் பராமரிப்பு, சட்டமும் ஒழுக்கமும், சிக்கல் தீர்த்தலும் தொடர்பாடலும். இங்கே அறிவைவிடக் கேட்கும் ஒழுங்கே மாணவரை விழுத்துகிறது. மாதிரித் தேர்வில் ஒரு மாணவரிடம் நான் அடிக்கடி கொடுக்கும் சந்தர்ப்பம் இது: மூட்டுவாதத்துக்கு மெதோட்ரெக்சேற் எடுக்கும் ஓர் அம்மா, சிட்டையோடு வருகிறார். சிட்டையில் "நாளுக்கு ஒன்று" என்று இருக்கிறது. கெட்டிக்கார மாணவர் உடனே, "இந்த மருந்தை வாரத்துக்கு ஒருமுறைதான் எடுக்க வேண்டும், இது பிழை" என்று சொல்லிவிட்டு வெற்றியோடு என்னைப் பார்ப்பார். சொன்னது சரி. ஆனால் அந்த அம்மா இதுவரை எப்படி எடுத்தார், எந்த நாளில் எடுப்பார், வாயில் புண், காய்ச்சல் ஏதும் உண்டா, போலிக் அமிலம் எடுக்கிறாரா என்று ஒன்றும் கேட்கவில்லை. வைத்தியருக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. எடுத்த முடிவைப் பதிவுசெய்யவும் இல்லை.

தயாராகும்போது பதில்களை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, கேட்க வேண்டியவற்றை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். அவுஸ்திரேலிய மருந்துக் கைநூல் எங்கே எதைச் சொல்கிறது என்பது விரல்நுனியில் இருக்க வேண்டும். தெரியாத கேள்விக்கு ஊகித்து விடை சொல்பவரைவிட, "இதை இந்த நூலில் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன்" என்று சொல்பவர் பாதுகாப்பான மருந்தாளர். பெரியவர் முன் குரல் தாழ்த்திப் பேசுவது நம் வளர்ப்பு, தேர்வாளர் முன் அது தயக்கமாகத் தெரியும்.

11. பொதுப்பதிவு

எல்லாம் முடிந்த பின் பொதுப்பதிவு விண்ணப்பத்தை இணையவழியாகவே கொடுக்கலாம். பதிவு வந்து பெயர் பொதுப் பட்டியலில் தோன்றும்வரை பயிற்சி மருந்தாளராகவே வேலை செய்ய வேண்டும். தேர்வில் சித்தியடைந்த மறுநாளே தனியாக ஒரு கடையைப் பொறுப்பேற்கச் சொல்லும் முதலாளிக்கு இணங்க வேண்டாம், அது பதிவையே பாதிக்கும். பதிவுக்குப் பின் தொழில்சார் காப்புறுதியும், ஆண்டுக்கு 40 புள்ளி தொடர்கல்வியும் கட்டாயம். புதுப்பித்தல் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 30க்குள்.

12. வேறு பாதையில் இருப்பவர்களுக்கு

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலோ பேராதனையிலோ நான்காண்டுப் பாமசிப் பட்டம் முடித்து, இலங்கை மருத்துவச் சபையில் பதிந்தவர், மாணவராகப் போய் மீண்டும் அதே பட்டத்துக்குக் கோடிக்கணக்கில் கொட்டத் தேவையில்லை. பாமசிப் பேரவையிடம் தகைமை மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்து, ஓப்ரா எனப்படும் ஒரே தாள் கொண்ட தயார்நிலைத் தேர்வை (2025இல் பழைய கப்ஸ் தேர்வுக்குப் பதிலாக வந்தது) எழுதி, ஆங்கில அளவையும் காட்டினால், எட்டாம் பகுதியில் சொன்ன தற்காலிகப் பதிவிலிருந்து தொடங்கலாம்.

இலண்டனில் உறவினர் இருப்பதால் ஐக்கிய இராச்சியத்தைத் தெரிவுசெய்பவருக்கு ஒழுங்கு வேறு. பொது மருந்தாக்கப் பேரவை அங்கீகரித்த நான்காண்டு முதுமாணிப் பட்டம், 52 வார அடிப்படைப் பயிற்சி, ஜூனிலும் நவம்பரிலும் நடக்கும் பதிவுத் தேர்வு. அந்தத் தேர்வை மூன்று தடவை மட்டுமே எழுதலாம். பயிற்சியிடங்களுக்கு ஒரியல் என்ற இணையத் தொகுதி வழியாகப் படிப்பு முடியும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அங்கே பட்டதாரி விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளமாணி, முதுமாணிப் பட்டதாரிகளுக்கு 18 மாதமாகக் குறைகிறது. 52 வாரப் பயிற்சியும் தேர்வும் பெறுபேறும் அந்த 18 மாதத்துக்குள் அடங்குமா, அல்லது பயிற்சி தரும் நிறுவனமே தொழில் விசாவுக்குப் பொறுப்பேற்குமா என்பதை அனுமதிக் கடிதத்தை ஏற்பதற்கு முன்பு திகதி போட்டுக் கணக்கிட்டுப் பாருங்கள்.